இயற்கை குளுக்கோஸ்

செஞ்சியில் மஞ்சள் காமாலை வந்தவன் நேராக லேபுக்கு வந்துவிட மாட்டான். முதலில் பக்கத்து வீட்டுக்காரி கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்து "காமாலைதான்" என்று தீர்ப்புச் சொல்வாள். பிறகு நாலு நாள் கீழாநெல்லியும் மோரும். அப்புறம் திருவண்ணாமலை ரோட்டில், கோட்டைக்குத் திரும்புகிற இடத்தில் நிற்கும் சேசுராஜின் கரும்புச் சாறு வண்டி. இத்தனையும் பார்த்து, சோறு இறங்காமல், நடக்க முடியாமல் ஆன பிறகுதான் என்னிடம் வருவான். வந்ததும் ஊசியைப் பார்த்து, இவ்வளவு ரத்தமா எடுப்பாய் என்று என்னோடு சண்டைக்கு நிற்பான்.

நான் மங்கை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஆனந்தராஜ் நடத்துகிற லேபில் இருபத்திரண்டு வருடமாக ரத்தம் எடுக்கிறேன். எங்கள் தெருவில் கரும்பு வெட்டப் போகாமல் படித்து டிப்ளமோ வாங்கிய முதல் பெண் நான்தான். அதனால் கொஞ்சம் வாய் நீளம். அதைத் திருத்திக்கொள்ளும் உத்தேசமும் இல்லை. இந்த வேலையில் எனக்குப் பிடித்ததே யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை என்பதுதான். இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், "டாக்டர்கிட்ட காட்டுங்க" என்பேன். எண்ணை எழுதுவது என் வேலை, அதைப் பார்த்து அழுவது அவர்கள் வேலை. ரொம்ப வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சேசுராஜுக்கு முப்பத்திரண்டு வயது இருக்கும். பக்கத்துக் கிராமத்தில் மாதா கோயில் தெரு. மனைவி ரோஸ்மேரி அவனுக்குச் சொந்தத் தாய்மாமன் மகள். நெருங்கின ரத்த உறவு என்று சொல்லி, ஆயரிடமிருந்து அனுமதிக் கடிதம் வருகிற வரைக்கும் சாமியார் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கவே மறுத்துவிட்டார். மூன்று மாதம் காத்திருந்து கட்டிக்கொண்டார்கள். முதல் பிள்ளை ராபர்ட். ஒன்பதாவது மாதத்தில் காமாலை கண்டு இறந்துபோனான்.

அப்போது சேசுராஜ் திண்டிவனத்தில் இன்னொருவர் கடையில் சாறு பிழிந்துகொண்டிருந்தான். வாரத்துக்கு இரண்டு தடவைதான் வீட்டுக்கு வர முடியும். வரும்போது பாட்டிலில் கொஞ்சம் சாறு கொண்டுவருவான். அதுவும் பாதி வழியில் புளித்துவிடும். பிள்ளைக்குச் சரியாகச் சாறு கொடுத்திருந்தால் பிழைத்திருப்பான் என்பது அவன் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. யாரும் சொல்லவில்லை, அவனாகவே ஏற்றிக்கொண்டான். சொந்தமாக வண்டி போட்டபோது அதன் நெற்றியில் பச்சை எழுத்தில் 'இயற்கை குளுக்கோஸ்' என்று எழுதி வாங்கினான். கண் மஞ்சளாக யார் வந்தாலும் காசு வாங்குவதில்லை என்றும் வைத்துக்கொண்டான்.

கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதிலிருந்து சனி, ஞாயிறுகளில் அவனுக்குத் தலை சொறிய நேரமில்லை. அந்தக் கூட்டத்திலும் ஒரு காமாலைக்காரன் வந்து நின்றால் வரிசையை நிறுத்திவிட்டு, மெஷினைக் கழுவி, ஐஸ் போடாமல், துணியில் வடிகட்டிக் கொடுப்பான். நானே எத்தனையோ பேரை அவனிடம் அனுப்பியிருக்கிறேன். யாருக்கும் எதுவும் சொல்ல மாட்டேன் என்றேனே, அதில் கரும்புச் சாறு சேர்த்தி இல்லை. எங்கள் பக்கம் அதை யாரும் வைத்தியம் என்று நினைப்பதே கிடையாது. தாகத்துக்குத் தண்ணீர் குடி என்பது மாதிரி ஒரு பேச்சு.

ஆடி அமாவாசை அன்று மத்தியானம் மூன்றரை மணிக்கு இருவரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு லேபுக்கு வந்தார்கள். இரண்டாவது பிள்ளை, ஜெனிபர், எட்டு மாதம். ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும் குடித்து நன்றாகத்தான் இருந்திருக்கிறாள். கேழ்வரகுக் கூழில் சர்க்கரை போட்டுக் கொடுக்க ஆரம்பித்த பிறகு வாந்தி. உடம்பு இளைத்து, வயிறு மட்டும் முன்னால் தள்ளி, கண் மஞ்சளாகிவிட்டது. ஊசி குத்தியபோது அழக்கூட அவளுக்குத் தெம்பில்லை. அழுகிற குழந்தை எனக்குத் தொல்லைதான், ஆனால் அழாத குழந்தையைக் கண்டால் எனக்கு ஆகாது.

ரத்தத்தில் பிலிரூபின் ஏறியிருந்தது. கல்லீரல் நொதிகள் இருக்க வேண்டியதற்கு ஏழெட்டு மடங்கு இருந்தன. சிறுநீரை ஒரு பழைய இருமல் டானிக் பாட்டிலில் பிடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். சர்க்கரை பார்க்கிற பிளாஸ்டிக் பட்டையை அதில் தொட்டு எடுத்தேன். சர்க்கரை இல்லை என்று காட்டியது. அதோடு விட்டிருக்க வேண்டும், ஆனால் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அந்தப் பிளாஸ்டிக் பட்டைகளை நான் நம்புவதில்லை. நான் படித்த காலத்தில் பெனடிக்ட் என்று ஒரு நீலக் கரைசல். அதில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுக் கொதிக்க வைத்தால், சர்க்கரை இருக்கும் அளவுக்குப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று நிறம் மாறும், ரொம்ப இருந்தால் செங்கல் நிறத்துக்குப் போகும். இப்போது யாரும் அதைச் செய்வதில்லை. ஸ்பிரிட் விளக்குக்கு ஆகிற செலவைச் சொல்லி ஆனந்தராஜ் பலதடவை முணுமுணுத்திருக்கிறார். நான் அவர் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்வேன்.

அன்றும் செய்தேன். நீலம் ஆரஞ்சாக மாறியது.

பட்டை இல்லை என்கிறது, பெனடிக்ட் இருக்கிறது என்கிறது. இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் பாடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பட்டை குளுக்கோஸை மட்டும்தான் காட்டும். பெனடிக்ட் வேறு சில சர்க்கரைகளையும் காட்டும். அப்படி வேறு ஒரு சர்க்கரை குழந்தையின் சிறுநீரில் வந்தால் அது சும்மா வராது. இதெல்லாம் அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

டானிக் பாட்டில் என்று நினைத்தேன். அடியில் டானிக் ஒட்டியிருக்கும், அதுதான் காட்டுகிறது. சுத்தமான டப்பா ஒன்று கொடுத்து, குழந்தை மறுபடி சிறுநீர் கழிக்கிற வரைக்கும் உட்காரவைத்திருந்தால் விஷயம் தெரிந்திருக்கும். அதற்கு ஒரு மணி நேரம் ஆகலாம், இரண்டு மணி நேரமும் ஆகலாம். அமாவாசை அன்று ஊரில் இருக்கிற பஸ்ஸெல்லாம் மேல்மலையனூர் கோயில் கூட்டத்துக்குத் திரும்பிவிடும். எங்கள் ஊர் பனமலைக்குப் போகிற வழியில் இருக்கிறது. நாலே முக்கால் பஸ்ஸை விட்டால் எனக்கு வேறு பஸ் கிடையாது. ரிப்போர்ட் தாளில் சர்க்கரைக்கு ஒரே ஒரு வரிதான். அதில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பஸ்ஸும் கிடைத்தது, ஜன்னல் ஓரத்தில் இடமும் கிடைத்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ரோஸ்மேரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று சாயங்காலமே குழந்தைக்குக் கை கால் நடுங்கி வேர்த்துக்கொட்டியிருக்கிறது. ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தத்தில் சுகர் ரொம்பக் கம்மி, குளுக்கோஸ் ஏற்ற வேண்டும் என்றார்கள். ஏற்றினார்கள். நாலு நாளில் குழந்தை கண்ணைத் திறந்து, சிரித்து, ரோஸ்மேரியின் தாலிச் சங்கிலியைப் பிடித்து இழுத்தாள். மஞ்சளும் கொஞ்சம் இறங்கியது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இங்கேதான் சேசுராஜ் கணக்குப் போட்டான். யார் போட்டாலும் அதே கணக்குத்தான் வந்திருக்கும். குழந்தைக்குச் சுகர் கம்மி. குளுக்கோஸ் ஏற்றியதும் தெளிந்துவிட்டது. அவன் வண்டியின் நெற்றியிலேயே குளுக்கோஸ் என்று எழுதியிருக்கிறது. மூத்தவனுக்குக் கொடுக்க முடியாததை இவளுக்காவது குறையில்லாமல் கொடுக்க வேண்டும். தினமும் காலையில் கரும்பைத் தோல் சீவி, கணுவை வெட்டி எறிந்து, மெஷினை வெந்நீரில் கழுவி, முதல் சாற்றை யாருக்கும் கொடுக்காமல் மகளுக்குப் பிடித்தான். இஞ்சி கிடையாது, எலுமிச்சை கிடையாது. பால் புகட்டுகிற பாலாடையில் ஊற்றி, ஒரு நாளைக்கு மூன்று வேளை.

குழந்தை வாயை மூடிக்கொண்டாள். ஊற்றினால் துப்பினாள், பாலாடையைக் கண்டாலே முகத்தைத் திருப்பினாள். பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். கரும்பு தின்னக் கூலி கேட்கிறாள் பார் என்று கன்னத்தைக் கிள்ளினார்கள். ரோஸ்மேரிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இவளுக்கு இனிப்பே ஆகவில்லை, விட்டுவிடலாம் என்று புருஷனிடம் சொல்லிப்பார்த்திருக்கிறாள். இனிப்பு ஆகாத குழந்தை உலகத்தில் உண்டா என்று அவன் கேட்டிருக்கிறான். கடைசியில் அவள் குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்ள, அவன் மூக்கைப் பிடித்து ஊற்றினான். இதை ரோஸ்மேரி என்னிடம் சொன்னபோது தன் கையையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அமாவாசைக்குப் பன்னிரண்டாம் நாள் மறுபடி லேபுக்கு வந்தார்கள். குழந்தையை வாங்கி மேஜையில் கிடத்தினேன். தோல் முழுக்க மஞ்சள். மூக்கோரத்தில் ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது. கை வைத்துப் பார்த்தால் வலது விலாவுக்குக் கீழே கல்லீரல் தொப்புள் வரைக்கும் இறங்கி, கல்லாகத் தட்டுப்பட்டது. கையில் ஊசி குத்திய இடத்தில் பத்து நிமிடம் பஞ்சை அழுத்தியும் ரத்தம் நிற்கவில்லை. கல்லீரல் கெட்டால் ரத்தம் உறையாது. இந்த முறை நானே புது டப்பா கொடுத்து உட்காரவைத்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கொஞ்சம் கிடைத்தது.

பட்டை இல்லை என்றது. பெனடிக்ட் செங்கல் நிறத்துக்குப் போனது.

வெளியே வந்து, குழந்தைக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். சேசுராஜ் முகத்தில் அப்போதும் ஒரு பெருமை இருந்தது. "சாறுதாங்கா. ஒரு வேளகூட வுடல. ஐஸு கூட போடறதில்ல," என்றான்.

உள்ளே போய் டாக்டர் செந்தமிழனுக்குப் போன் செய்தேன். அவர் குழந்தை டாக்டர். புதன், சனி மட்டும் செஞ்சிக்கு வருவார். நல்ல வேளையாக அன்று புதன். இரண்டு ரிசல்டையும் சொன்னேன். இந்தக் காலத்தில் யார் அம்மா பெனடிக்ட் போடுகிறது என்று கேட்டார். நான்தான் என்றேன். அடுத்த கேள்வியாக, குழந்தை என்ன சாப்பிடுகிறது என்றார். சொன்னேன். அவர் பார்த்துக்கொண்டிருந்த நோயாளிகளை அப்படியே விட்டுவிட்டு, ஸ்கூட்டரில் லேபுக்கே வந்துவிட்டார்.

அவர் சேசுராஜிடம் சொன்னதை நான் கதவோரம் நின்று கேட்டேன். சர்க்கரை என்பது ஒரே பொருள் இல்லை. கரும்புச் சர்க்கரை வயிற்றுக்குள் போனதும் இரண்டாக உடையும். பாதி குளுக்கோஸ், பாதி பழச்சர்க்கரை. குளுக்கோஸால் இந்தக் குழந்தைக்கு ஒரு கெடுதலும் இல்லை. பழச்சர்க்கரை கல்லீரலுக்குப் போகும். அங்கே அதை உடைக்க ஆல்டோலேஸ் என்று ஒரு நொதி வேண்டும். அந்த நொதி இவளுக்குப் பிறக்கும்போதே இல்லை. பாதி உடைந்த சர்க்கரை கல்லீரலுக்குள்ளேயே தேங்கி அதைக் கெடுக்கிறது. கல்லீரல் தன்னிடம் சேர்த்துவைத்திருக்கும் குளுக்கோஸையும் அதனால் வெளியே விட முடியாமல் போகிறது. இனிப்புக் கொடுத்த பிறகுதான் குழந்தைக்கு ரத்தத்தில் சர்க்கரை இறங்கி நடுக்கம் வருகிறது.

சேசுராஜ் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். "மெஷின்ல சக்க சிக்கிக்கினா அப்பால சாறு வெளியவே வராது. அதுமாதிரியா சார்?" என்றான். டாக்டர் அவனைக் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்து, ஆமாம், அதே மாதிரிதான் என்றார். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். இந்தக் குழந்தைக்கு அளவே கிடையாது, ஒரு ஸ்பூனும் கூடாது. சர்க்கரை, வெல்லம், தேன், பழம், இனிப்புப் போட்ட டானிக் எதுவும் உள்ளே போகக் கூடாது. இன்றைக்கே பாண்டிச்சேரிக்குப் போக வேண்டும் என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். பிழைப்பாளா என்று ரோஸ்மேரி கேட்டாள். நிறுத்திப் பார்க்கலாம், கல்லீரல் எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அதைப் பொறுத்தது என்றார்.

கிளம்பும்போது என் பக்கம் திரும்பி, நீங்கள் பார்த்ததால்தான் ஆச்சு என்றார். நான் தலையை ஆட்டினேன்.

பாண்டிச்சேரியில் இருபத்து மூன்று நாள் இருந்தார்கள். முதல் வாரம் எதுவும் சொல்ல முடியாது என்றே சொல்லியிருக்கிறார்கள். அந்த வாரம் முழுக்க நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. லேபில் இரண்டு பேரின் ரத்தம் பிடித்த கண்ணாடிக் குழாய்களை மாற்றி வைத்து ஆனந்தராஜிடம் பேச்சு வாங்கினேன். இருபத்திரண்டு வருடத்தில் அப்படி நடந்ததில்லை. பிறகு ரோஸ்மேரி போன் செய்தாள். வாந்தி நின்றுவிட்டதாம், ரத்தம் உறைகிறதாம், அரிசிக் கஞ்சியும் பாலும் கேட்டுக் குடிக்கிறாளாம். போனை வைத்துவிட்டு லேபின் பின்பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன். அழுதேன் என்று சொல்ல எனக்கு ஒன்றும் வெட்கமில்லை.

சென்னைக்கு ரத்தம் அனுப்பிப் பார்த்ததில் நோய் உறுதியானது. அம்மாவிடமும் அப்பாவிடமும் அந்த நொதிக்கான மரபணு இரண்டில் ஒன்று நன்றாக இருக்கிறது, ஒன்று பழுது. அவர்களுக்கு ஒன்றும் செய்யாது. இரண்டு பழுதும் ஒரு பிள்ளையிடம் சேர்ந்தால்தான் நோய். இனிப்புப் பக்கம் போகாமல் வளர்த்தால் இவள் மற்றக் குழந்தைகளைப் போலவே இருப்பாள் என்றும், கல்லீரல் இந்த வயதில் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

ஊரில் என் பெயர் பரவிவிட்டது. டாக்டர் செந்தமிழன்தான் எல்லாரிடமும் சொன்னார். யாருமே செய்யாத பரிசோதனையைச் செய்து கண்டுபிடித்த அம்மா என்று காந்தி பஜாரில் காய் வாங்கப் போனால் காட்டுகிறார்கள். ஆனந்தராஜ் பெனடிக்ட் கரைசல் இரண்டு லிட்டர் வாங்கி வைத்தார். மனுஷன் எதிலும் லாபம் பார்ப்பவர். ரோஸ்மேரி தங்கள் கோயிலில் எனக்காக ஒரு நன்றித் திருப்பலிக்குச் சொல்லிவைத்தாள். போகாமல் இருக்க முடியவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். சாமியார் மைக்கில் என் பெயரைச் சொல்லி, இவருடைய கூர்ந்த கண்களுக்காக ஆண்டவருக்கு நன்றி செலுத்துவோம் என்றார். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு அந்த இடத்தை விட்டு ஓடிவிடலாம் போல இருந்தது.

சேசுராஜ் அந்தக் கோயிலுக்குள் வரவில்லை. வெளியே புளியமரத்தடியில் நின்றிருந்தான்.

பிறகு ரோஸ்மேரி லேபுக்கு வந்து விஷயத்தைச் சொன்னாள். ஊருக்குத் திரும்பியதிலிருந்து அவன் குழந்தையைத் தூக்குவதில்லை. அவள் தவழ்ந்து வந்து காலைப் பிடித்தால் காலை விடுவித்துக்கொண்டு வெளியே போய்விடுகிறான். வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டான், கட்டட வேலைக்குப் போகிறான். சாப்பிட உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறான். "இன்னான்னு கேட்டா, 'என் கையி சரியில்ல மேரி'ன்றாரு. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கக்கா. நீங்க சொன்னா கேப்பாரு," என்றாள்.

நான் சொன்னால் கேட்பானாம். அன்று முழுக்க எனக்கு யார் மேலே என்று தெரியாமல் கோபம் வந்துகொண்டிருந்தது. சிறுநீர் டப்பாவைத் திறந்து கொண்டுவந்த ஒரு கிழவரைப் பிடித்துத் திட்டிவிட்டேன், பாவம்.

அடுத்த மாதம் குழந்தைக்கு ரத்தம் பார்க்க வேண்டிய நாள் வந்தது. ரோஸ்மேரி அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். கன்னம் உப்பி, கண் வெள்ளையாக, நன்றாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் படியேறவில்லை. எதிரே மெக்கானிக் கடைச் சுவரில் சாய்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் ரோஸ்மேரியை உட்காரச் சொல்லிவிட்டு, கையுறையைக் கழற்றாமலே ரோட்டைத் தாண்டிப் போனேன். என்ன பேசப் போகிறேன் என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. உன் மேல் தப்பில்லை, உனக்கு எப்படித் தெரியும் என்று எல்லாரும் சொல்வதையே சொல்லலாம் என்றுதான் நினைத்தேன்.

அவன்தான் முதலில் பேசினான்.

"பெரியவனுக்கும் இதாங்கா?"

இதே கேள்வியை வேறு யார் கேட்டிருந்தாலும் டாக்டரிடம் கேள் என்றிருப்பேன். "இதாத்தான் இருந்திருக்கும், சேசு," என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். அவனுக்குத் தெரிந்ததுதான். "அவனுக்குக் கம்மியாக் குடுத்துட்டேன்னு மூணு வருசமா அழுதேன்க்கா," என்றான். "கம்மியாக் குடுத்ததாலதான் ஒம்போது மாசமாவது இருந்தான் போலருக்குது."

உனக்குத் தெரியாதே என்று சொல்ல வாயெடுத்தேன். தெரிந்தவள் அங்கே நின்றுகொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"அமாவாச அன்னிக்கு வந்தியே, அன்னிக்கே நான் பாத்துட்டேன்," என்றேன்.

அவன் புரியாமல் பார்த்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பட்டை ஒன்று காட்டியதை, பெனடிக்ட் வேறு காட்டியதை, அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும் என்பதை, டானிக் பாட்டில் மேல் பழியைப் போட்டதை, நாலே முக்கால் பஸ்ஸை. "இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டேன். அன்னிக்கே உன்ன நிறுத்தி, பாப்பாவுக்கு இன்னா குடுக்குறேன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா, அதுக்கப்புறம் ஒரு பாலாட சாறுகூட அவ வாயில ஊத்தியிருக்க மாட்ட. உனக்குத் தெரியாது, ஊத்துன. எனக்குத் தெரியும்."

அவன் முகம் மாறியது. என்னை அடித்தாலும் அடிப்பான் என்று தோன்றியது. அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுகூட நின்றேன். ஒரு லாரி போய், அதன் பின்னால் கோட்டை பார்க்க வந்த வேன் ஒன்று போனது. அவன் உதடு அசைந்தது, நாள்களை எண்ணுகிறான்.

"பன்னெண்டு நாளு," என்றான்.

"ஆமா. பன்னெண்டு நாளு."

"மேரிக்குத் தெரியுமா?"

"தெரியாது. இன்னிக்கு அவகிட்டயும் சொல்றேன்."

அவன் சுவரோடு சரிந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். இரண்டு கையையும் முகத்தில் வைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது. என்ன செய்வதென்று தெரியாமல் நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். மெக்கானிக் கடைப் பையன்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும். அவன் திட்டுவான் என்று காத்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்துக் கையை எடுத்தான்.

"அப்ப நான் மட்டும் இல்ல," என்றான். கேட்டானா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டானா என்று தெரியவில்லை. கழுத்தில் ஏற்றியிருந்த மூட்டையில் ஒரு பக்கத்தை வேறொருவர் தாங்கினால் எப்படி மூச்சு விடுவார்களோ அப்படி மூச்சு விட்டான்.

"இல்ல சேசு. நீ மட்டும் இல்ல."

உள்ளே குழந்தை கத்த ஆரம்பித்துவிட்டாள். ரோஸ்மேரியால் பிடிக்க முடியவில்லை என்று சத்தத்திலேயே தெரிந்தது. நான் எழுந்து ரோட்டைத் தாண்டினேன். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. லேபுக்குள் போய்ப் புதுக் கையுறை மாட்டி, ஊசியைப் பிரித்தேன். சேசுராஜ் கை கழுவும் இடத்துக்குப் போய் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினான். வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து, ரோஸ்மேரியிடமிருந்து மகளை வாங்கி மடியில் உட்காரவைத்தான். அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு என்னை முறைத்தாள்.

"எந்தக் கையிலக்கா?" என்று கேட்டான்.